மிஸிர் வாய்க்காலில் கால் கழுவிய ஆலிம்

மரணச் செய்தி வந்தபோது எனக்குப் பாதி முகம்தான் சவரமாகியிருந்தது. குண்டசாலையிலிருந்து வந்த ஆள், "நானா, சாலிஹ் ஆலிம்சா மௌத்தாயிட்டார்" என்றதும், ஒரு கன்னத்தில் நுரையோடு கண்டித் தெருவில் ஓடினேன். ஆலிம் இருந்திருந்தால் வயிறு நோகச் சிரித்திருப்பார்.

அவரை அறிந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். அவரைப் பற்றிப் பேசித் திரிந்தவர்களுக்கும் சேர்த்துத்தான்.

மிஸிர் என்று நாங்கள் சொல்லும் எகிப்தில் படித்து வந்து, எங்கள் பள்ளிவாசலில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தவர் அவர். சிறுநீரில் இரத்தம் போகத் தொடங்கியது. பள்ளி டிரஸ்டி ஹாஜியார் என் துணிக்கடையில் உட்கார்ந்து, நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, "மிஸிருக்குப் போன ஆம்பிளைக்கு இந்த நோவு எப்பிடி வந்திரிக்கும்? வெளங்கல்லியா தம்பி?" என்று கண்ணடித்தார். ஆலிமின் வேலை போனது. அவர் மகளுக்குப் பேசிய கல்யாணம் நின்றது. பிறகு என் பிள்ளைகள் மட்டும் அவர் வீட்டுக்கே போய் ஓதினார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆலிமின் சிறுநீரை வைத்துப் பெரிதாகக் காட்டும் குழாய்க் கண்ணாடியில் குனிந்து, "தெரியுது டாக்டர், கறுப்பா நீளமா" என்றேன்.

"அது உம்மட கண்மயிர் ஐசே!" என்றார் யாழ்ப்பாணத்து டாக்டர்.

பிறகுதான் கண்டேன், நுனியில் முள்ளோடு ஒரு முட்டை. மிஸிர் வாய்க்காலில் நின்று கைகால் கழுவி ஒளுச் செய்தபோது கால்தோலைத் துளைத்து ஏறிய புழுவின் முட்டை. தொழுகைக்காகச் சுத்தம் செய்யப் போய் வாங்கிய நோய்க்கு ஊர் வைத்த பெயர் வேறு.

ஊசி போட்டுப் புழு செத்தது. ஆலிம் தேறவில்லை. "முட்டையளை வெளியிலை தள்ளேலாமல், உடம்பு அதுகளைச் சுத்தித் தசையை வளர்த்துப்போட்டுது. மூத்திரப்பை இறுகிப்போச்சு, பாதையும் அடைக்குது. இனிப் பழுதாகப்போறது சிறுநீரகம்தான்" என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில் ஆலிம் சொன்னார்: "புழு செஞ்சத விட, அதோட சண்ட புடிச்ச என்ட ஒடம்பு செஞ்சதுதான் கூட. நீங்க ஹாஜியாரோட சண்டைக்குப் போக வாணாம்."

போகவில்லை. ஹாஜியார் கடைப்பக்கம் வரும்போதெல்லாம், சீத்தைத் துணி வாங்க வந்தவர்களை நிறுத்தி வைத்து, அவர் காதில் விழும்படி முட்டைக்கதை சொன்னேன். எனக்கு 'மூத்திர டாக்டர்' என்று பட்டம் விழுந்தது. பரவாயில்லை, அவர் கடைவழியே வருவதை நிறுத்தினார்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன், ஆலிமைக் கிடத்திய சந்தூக்கின் பக்கத்தில் நின்று, "மையித்து எப்பிடிப்பட்ட மனிசன்?" என்று வழக்கப்படி கேட்டது அதே ஹாஜியார்தான்.

"நல்ல மனிசன்!" என்றது கூட்டம்.

"பின்னுக்குக் கேக்கல்ல ஹாஜியார், இன்னொருக்கா" என்றேன். கேட்டார். "இன்னும் சத்தமா." மறுபடியும் கேட்டார். ஒவ்வொரு தரமும் கூட்டத்தின் பதில் அவர் முகத்தில் விழுந்ததை நின்று பார்த்தேன். அந்த நாளில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அது.

அடக்கம் முடிந்ததும் ஹாஜியார் என் கையைப் பிடித்தார். "நானும் ஒண்டு ரெண்டு பேசியிருப்பேன் தம்பி. அவருக்குப் பதிலா நீங்க மாப்புத் தாங்க."

ஆலிம் என்றால் கொடுத்திருப்பார். அவர் ஓதிக்கொடுத்தது என் பிள்ளைகளிடம் இருக்கிறது; அவர் கடைசிவரை படாத கோபம் என்னிடம் இருக்கிறது. ஹாஜியாரின் கையைக் குலுக்கினேன். மழை வரும்போல இருக்கிறது என்றேன். மன்னித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை.