ரோஸ்லினுக்கும் ஒரு டெஸ்ட்

மூன்று வாரத்துக்கு முன் திண்டிவனம் பக்கத்தில் ஒரு ஐ.டி.ஐ.யில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பைக் கேளுங்கள் – ‘கல்வியிலும் தொழிற்பயிற்சியிலும் ஆண் பெண் சமத்துவம்: சர்வதேச உடன்படிக்கைகள்’. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்தத் தலைப்பில் பேசினால் யார் விழித்திருப்பார்கள்?

ஆனாலும் விழுப்புரத்தில் பஸ் ஏறியதிலிருந்து குறிப்பெடுத்துக்கொண்டே போனேன். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்க ஐ.நா.வில் ஓர் உடன்படிக்கை உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு, ஒரே தரமுள்ள கருவிகள்... தொழிற்பயிற்சிக்கும் இது பொருந்தும். இந்தியாவும் கையெழுத்திட்டிருக்கிறது. இதையெல்லாம் சொல்லி முடித்து, “கேள்வி ஏதாவது?” என்றேன். வழக்கமாக யாரும் கேட்பதில்லை.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

ரோஸ்லின். முகையூர்ப் பக்கம். அம்மா, அப்பா இருவரும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். வெல்டிங் பிரிவில் இவள் ஒருத்திதான் பெண்.

“மேடம், நம்ம நாடும் சைன் பண்ணியிருக்குன்னு சொன்னீங்களே... நெசமாவா?”

“ஆமாம்மா, பண்ணியிருக்கு.”

“அப்ப நோட்டீஸ் போர்டுல ‘ஆண்கள் மட்டும்’னு ஏன் ஒட்டியிருக்காங்க? கம்பெனியில இருந்து ஆள் எடுக்க வந்திருக்காங்க. காலையில இருந்து பசங்க டெஸ்ட்டுக்குப் போய்க்கினு இருக்காங்க. எம்பேரு மட்டும் லிஸ்ட்ல இல்ல.”

ஐ.டி.ஐ. முதல்வர் என்னைப் பார்த்தார். நான் என் குறிப்பைப் புரட்டினேன்.

வெல்டிங் ஆசிரியர்தான் எழுந்தார். “நல்லா வேலை பண்ற பொண்ணு சார். இதை நான் காலையிலேயே சொல்லியிருக்கணும்... சொல்லல.”

எல்லோரும் வெல்டிங் ஷெட்டுக்குப் போனோம். கம்பெனி அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். “நாங்க இதுவரைக்கும் லேடீஸை எடுத்ததில்லைம்மா. ஹெவி வேலை. அப்புறம் உனக்குத்தான் பேஜாரு.”

“வேலை குடுக்கறது உங்க இஷ்டம் சார். டெஸ்ட்டு வைங்க. பசங்களுக்கு வச்ச அதே டெஸ்ட்டு. ஃபெயிலாயிட்டா பேசாம போயிடறேன்.”

அவர் யோசித்தார். பிறகு, “சரி, வா” என்றார்.

டெஸ்ட் இதுதான்: இரண்டு இரும்புத் தகடுகளை ஒன்றாகப் பற்றவைக்க வேண்டும். அதை மெஷினில் வைத்து வளைப்பார்கள். இணைப்பில் விரிசல் விட்டால் அவுட். அன்று காலையிலேயே நாலைந்து பையன்களுடையது விரிசல் விட்டிருந்தது.

ரோஸ்லின் கையுறையை மாட்டினாள். இரண்டு முறை மூச்சை இழுத்துவிட்டாள். முகமூடியை இறக்கினாள். பற்றவைக்க ஆரம்பித்தாள்.

தகடு ஆறியதும் மெஷினில் வைத்து வளைத்தார்கள். அதிகாரி கையில் எடுத்தார். வெளிச்சத்தில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார். “கிராக் இல்லை” என்று சொல்லிவிட்டு, மேலிடத்தில் கேட்கப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

காத்திருந்தோம். “அம்மாகிட்ட சொல்லிட்டியா?” என்று அவளைக் கேட்டேன்.

“இல்ல மேடம். கெடைக்கலன்னா அழுவாங்க. கெடைச்சாலும் அழுவாங்க.”

பதினைந்து நிமிடம் கழித்து அதிகாரி வந்தார். தேர்வானவர்கள் பட்டியலின் கீழே தன் கையாலேயே அவள் பெயரை எழுதினார். பையன்கள் போட்ட விசில் இருக்கிறதே... விரிசல் விட்டவர்களும் சேர்ந்துதான் அடித்தார்கள்!

எத்தனையோ மேடைகளில் இந்த உடன்படிக்கையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். கைதட்டுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், டீ கொடுப்பார்கள். ‘அப்படியானால் எனக்குச் சேர வேண்டியதை இன்றைக்கே கொடுங்கள்’ என்று யாரும் கேட்டதில்லை. உலக நாடுகள் கூடி எழுதிய வாக்குறுதியை நம்பி ஒருத்தி எழுந்து நின்றாள் – அவள் எங்கள் மாவட்டத்துப் பெண். இதற்குப் பெருமைப்படாமல் வேறு எதற்குப் பெருமைப்படுவது?

நேற்று போன் செய்தாள். “வேலையில சேந்துட்டேன் மேடம். இங்க சேஃப்டி ஷூ எல்லாம் ஆம்பளைங்க சைஸ்ல இருக்கு. என் சைஸ்ல வேணும்னு கேட்டிருக்கேன். வாங்கித் தர்றாங்களாம்.”

அடுத்து எதைக் கேட்கப் போகிறாளோ... கேட்கட்டும், நன்றாகக் கேட்கட்டும்!