வோஸ்பர்க்கின் பச்சைக் கார்

இல்தா மச்சாடோ ஆர்ட்டீசியாவில் ஒரு போர்த்துகீசியப் பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவள். மாடுகளைவிட டிராக்டர்தான் அவளுக்குப் பிடிக்கும். முப்பத்தொன்பது வயதில் பர்பாங்கில் ஒரு கார் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தபோதுதான் கார் கம்பெனி மின்சாரக் காரைக் கொண்டுவந்தது. அதற்கான பயிற்சிக்கு மற்ற மெக்கானிக்குகள் யாரும் வரவில்லை.

"ஆயிலே இல்லாத வண்டிக்கு மெக்கானிக் எதுக்கு? நீயே போ இல்தா, கை அழுக்காகாது," என்றான் மேற்பார்வையாளன் ரஸ்ஸல்.

"உன் வாயைவிட எதுவும் அழுக்காகாதுடா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தக் காரை விற்க மாட்டார்கள், வாடகைக்குத்தான் தருவார்கள். சாவி கிடையாது. கதவருகே ஐந்து எண்களை அழுத்தினால் திறக்கும். எண்ணை ஓட்டுபவரே வைத்துக்கொள்ளலாம். முப்பது சொச்சம் கார்களைப் பார்த்துக்கொண்ட இல்தாவுக்கு எல்லா எண்களும் மனப்பாடம். மகள் பிறந்த தேதி, இறந்துபோன நாயின் வயது, போரிலிருந்து திரும்பிய நாள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது.

பச்சைக் காரின் எண் 61448. அதை ஓட்டிய ஹார்லன் வோஸ்பர்க் வெர்னாவை மணந்த தேதி அது: ஆறாம் மாதம், பதினான்காம் நாள், நாற்பத்தெட்டாம் வருடம். அவர் பள்ளியில் பேண்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வெர்னாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய் மூக்கில் எப்போதும் ஆக்சிஜன் குழாய்.

"முப்பது வருஷமா பழைய வண்டிப் புகைக்குப் பயந்து இவ கார் ஜன்னலத் திறந்ததில்லம்மா," என்றார் ஒரு நாள். "இப்பப் பாரு, கையை வெளிய நீட்டிக்கிட்டே வரா."

"நீங்க ஓட்டுற லட்சணத்துக்குக் கும்பிட்டுக்கிட்டு வரேன்," என்றாள் வெர்னா, மூச்சு வாங்க.

இரண்டாயிரத்து ஒன்றில் வெர்னா இறந்தாள். அதன்பின் அவர் பட்டறைக்கு வரும்போதெல்லாம் பக்கத்து இருக்கையைப் பார்த்துப் பேசிக்கொண்டே வருவார். இல்தா பார்க்காதவள்போல இருந்துவிடுவாள்.

காற்று மாசைக் குறைக்க, மின்சாரக் கார் விட்டே ஆக வேண்டும் என்று மாநிலம் போட்டிருந்த சட்டம் தளர்ந்தது. உடனே கம்பெனி எல்லாக் கார்களையும் திரும்பக் கேட்டது. கேட்ட விலை தருகிறோம், எங்களிடமே விட்டுவிடுங்கள் என்று ஓட்டுபவர்கள் கெஞ்சியும் நடக்கவில்லை. வோஸ்பர்க் காரின் கூரையில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார்.

"எங்கம்மா கொண்டுபோறாங்க இத?"

"தெரியல சார்," என்றாள் இல்தா. அன்றைக்கு அது உண்மை.

மறு மாதமே தெரிந்துவிட்டது. அரிசோனாப் பாலைவனத்துக்கு அவளை ஆறு வாரம் அனுப்பினார்கள். பேட்டரியில் மிச்சமிருக்கும் உயிரில் ஒவ்வொரு காரையும் நசுக்கும் இயந்திரத்தின் வாய்வரை ஓட்டிப்போய் நிறுத்த வேண்டும். பேட்டரியைக் கழற்ற வேண்டும். எண்களின் பட்டியல் கொடுத்திருந்தார்கள். அவளுக்குத் தெரிந்த கார்களுக்குப் பட்டியல் தேவைப்படவில்லை. பிறந்தநாட்களையும் கல்யாண நாட்களையும் அழுத்தி அழுத்தித் திறந்தாள். ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்குப் பச்சைக் காரின் முறை வந்தது. பக்கத்து இருக்கை, குள்ளமான வெர்னாவுக்காக இழுத்துவைத்தபடியே முன்னால் இருந்தது. நாற்பது கஜம் ஓட்டினாள். கொஞ்சமும் சத்தமில்லாமல் போனது. கண்ணாடி உடைந்தபோதுதான் முதல் சத்தம் கேட்டது.

ஊர் திரும்பியதும் வோஸ்பர்க் போன் செய்தார்.

"நம்ம வண்டி என்னாச்சும்மா?"

"மியூசியத்துக்குக் குடுத்துட்டாங்க சார்." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்படியா! எந்த மியூசியம்?"

"அது தெரியல சார்."

அன்றிலிருந்து இல்தாவுக்கு எண்கள் பகையாயின. லாரியின் நம்பர் பலகையிலும் மாதா கோவிலில் பாட்டு எண் எழுதிய பலகையிலும் யாரோ ஒருவருடைய கல்யாண நாள் நின்றுகொண்டு அவளைப் பார்த்தது. பட்டறையை விட்டுவிட்டுப் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கப் போனாள். டீசல் இரைச்சலில் கொஞ்சம் நிம்மதி இருந்தது.

இரண்டு வருடம் கழித்துப் போனில் மறுபடியும் வோஸ்பர்க்கின் குரல். "நம்ம வண்டியக் கண்டுபிடிச்சுட்டேம்மா! மூணு பஸ் மாறி வந்தேன். எண்ணை அழுத்தினேன், கதவே தொறக்கல. நீ வந்து பாரேன்."

அவர் தேடிப்போன எட்டாவது மியூசியமாம் அது. இல்தா போனபோது கயிற்றுக்கு அப்பால் ஒரு பச்சைக் கார் நின்றது. எண்பதைத் தொடப்போகும் அந்த மனிதர் கயிற்றின் மேல் சாய்ந்து ஜன்னலுக்குள்ளே எதையோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று அவளுக்குத் தோன்றியது.

"சார், இது உங்க வண்டி இல்ல," என்றாள். "உங்க வண்டிய நசுக்கிட்டாங்க. நான்தான் ஓட்டிட்டுப் போய் நிறுத்தினேன். அன்னிக்கு போன்ல பொய் சொன்னேன்."

வோஸ்பர்க் கயிற்றிலிருந்து கையை எடுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூச்சலிட்டபடி அவர்களைக் கடந்து போனார்கள்.

"எண்ணை யாரு அழுத்தினது?"

"நான்தான் சார்."

"கதவ ஒடைக்கலியே?"

"இல்ல சார்."

தலையை ஆட்டினார். "என்னைக் கொண்டுபோய் வீட்ல விடுறியா?"

அவளுடைய பழைய பிக்கப் வண்டியில் வழிநெடுக அவர் ஜன்னலை ஏற்றியே வைத்திருந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது, "வெர்னாகிட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்?" என்று கேட்டார். அவளிடம் கேட்டதுபோல் தெரியவில்லை. இல்தா இஞ்சினை நிறுத்தினாள். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தும்வரை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அதன்பின் அவர் போன் செய்யவே இல்லை.