கோழிகள் அடங்கிய சுரம்

அது நடந்தது 1983 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்றேகால் மணிக்கு. காற்றே இல்லை. நாமக்கல்லுக்கு மேற்கே என் அக்காள் கணவரின் கோழிப்பண்ணை. அதன் தகரக் கூரையில் வெயில் இறங்கி, கொட்டகை அனலாகக் கிடந்தது. எனக்குத் தலைவலி வேறு.

அப்போது நான் சேலத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்துவந்தேன். குழுத் தலைவருக்கு வழுக்கிக்கொண்டு போகும் ஒரு சத்தத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. "கழுத்துல இருக்குற ஃபிரெட்டையெல்லாம் புடுங்கிட்டு வாசிக்கப் பழகுங்க. பங்குனித் தேருக்குள்ள வரலைன்னா ஈரோட்டுல ஒருத்தரு ரெடியா இருக்காரு," என்றார். வீணைக்கு மெட்டுகள் போலக் கிட்டாருக்கு ஃபிரெட்டுகள். அவை இல்லாவிட்டால், விரல் ஒரு நூல் தள்ளினாலும் அபசுரம்.

இருபதையும் குறட்டால் பிடுங்கினேன். பள்ளங்களை அடைக்க, லாரி பாடி கட்டும் பட்டறையில் கொடுத்தேன். பட்டி வைத்து உப்புத்தாள் தேய்த்ததோடு விடாமல், லாரிக் கதவுக்கு அடிப்பதுபோல் கழுத்து முழுக்கப் பளபளவென்று கறுப்புப் பெயிண்டும் அடித்துவிட்டார்கள்.

"கோடு தெரிஞ்சா அசிங்கமுங்க, அதான் மறைச்சுட்டோம்," என்றார் பெயிண்டர், பெருமையாக. விரல் வைக்க எனக்கு ஓர் அடையாளமும் மிச்சமில்லை.

சேலத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்ததால் பண்ணைக்குப் போய்ப் பழகினேன். தரையில் உமி பரப்பி விட்டிருந்த ஆயிரத்து இருநூறு கோழிகள், ஓயாத கொக்கரிப்பு. என் வாசிப்பை அவை சட்டைசெய்யவில்லை. மூன்றாம் நாள், தடித்த கம்பியில் விரலை மெல்ல நகர்த்திக்கொண்டு போனபோது ஓரிடத்தில் கூரைத் தகரம் கூடவே முனகியது. அத்தனை கோழியும் வாயடங்கி, தலையை ஒருபக்கம் சாய்த்து நின்றன. விரலை ஒரு நூல் நகர்த்தினேன். மறுபடி கொக்கரிப்பு.

தேர்க் கச்சேரிப் பாட்டில் நீட்டிப் பிடிக்க வேண்டிய சுரம் அதுதான். அன்றிலிருந்து அந்த மௌனத்தையே அடையாளமாக வைத்து மற்ற இடங்களை அளந்துகொண்டேன்.

"கோழியெல்லாம் உன்ற பாட்டக் கேக்குது மாப்ள. கேட்டுட்டு முட்டையிட மறந்துராம இருந்தாச் சேரி," என்றார் மாமா. "தீவனத்துக்கு நாங் கத்துனாக்கூட இப்பிடித் திரும்பறதில்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை சுரத்தைப் பாட்டில் வரும் நீளத்துக்குப் பிடித்தேன். கோழிகள் அடங்கின. உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கினேன். சத்தம் நிற்கவில்லை. ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன். கூரை முனகிக்கொண்டேயிருந்தது. கோழிகள் என்னைப் பார்க்கவில்லை. மேற்கு மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அங்கே உமியைத் தவிர ஒன்றுமில்லை. பிறகு ஒரு கத்தல்கூட இல்லாமல் எல்லாம் அந்த மூலைக்கு ஓடி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின.

மாமாவும் நானும் கைகொண்டமட்டும் இழுத்துப் போட்டோம். அடியில் சிக்கியவை மூச்சுமுட்டிச் செத்திருந்தன. காயமே இல்லை, உடம்பில் சூடும் ஆறவில்லை.

"நாய் வந்துச்சா மாப்ள? பாம்பு கீம்பு?"

"ஒண்ணும் வரலீங்க மாமா."

அவர் மேற்கு மூலையை ஒருமுறை பார்த்துவிட்டு, செத்தவற்றை எண்ண ஆரம்பித்தார்.

தேரன்று அயோத்தியாப்பட்டணத்தில் மேடை. முதல் இரண்டு பாட்டும் சுத்தமாக வந்தன, தலைவர் தலையாட்டினார். மூன்றாவதில் அந்தச் சுரத்தை நோக்கி விரல் வழுக்கியபோது முன்வரிசையைப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தி, தலையை ஒருபக்கம் சாய்த்திருந்தார்கள். ரசித்திருக்கலாம். ஆனால் இவர்களும் எழுந்து ஓடிவிடுவார்களோ என்ற பயத்தில் விரல் ஒரு நூல் முன்பே நின்றுவிட்டது. அபசுரம் மேடை முழுக்கக் கேட்டது. அடுத்த கச்சேரிக்கு ஈரோட்டுக்காரர் வந்துவிட்டார்.

மாமா பணம் வேண்டாம் என்றார். அக்காள் வேண்டும் என்றாள். செத்தவை நூற்று எண்பத்தாறு, தலைக்கு இருபத்திரண்டு ரூபாய். பட்டறைக் கூலி முப்பத்தைந்து. ஆக, அந்த ஒரு சுரத்துக்கு எனக்கு ஆன செலவு நாலாயிரத்து நூற்று இருபத்தேழு ரூபாய்.