காலையில் கும்பிடாதவர்

கணபதிப் பகுதியில் நான் ரத்தம் எடுக்கும் லேபுக்குக் காலை ஏழு மணிக்கு வந்தார் அந்தப் பெரியவர். வெள்ளைச் சட்டையைக் கைநுழைக்காமல் துண்டுபோலத் தோளில் போட்டிருந்தார். நான் கும்பிட்டேன், அவர் தலையை மட்டும் அசைத்தார். பெரிய மிராசுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் ரிப்போர்ட் வாங்க வந்தவர், சட்டையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு இரு கைகூப்பிக் கும்பிட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. காலையில தோள் இறுகிக்குதுங்க, கையத் தூக்க முடியறதில்லீங்க. மத்தியானம் ஆனாச் சரியாப் போயிருமுங்க."

"டாக்டர்கிட்டச் சொன்னீங்களா?"

"அவரு பாக்கறது சாயங்காலமுங்க. நல்லா இருக்கறப்பப் போயி வலிக்குதுன்னு சொன்னா, பொய்யாட்ட இருக்காதுங்களா?"

ரிப்போர்ட்டில் அழற்சியின் அளவு எகிறியிருந்தது. அவர் சொன்னதை ஒரு சீட்டில் எழுதி அதோடு வைத்தனுப்பினேன். அதைப் படித்த பிறகுதான் டாக்டர் இது வயதானவர்களுக்கு வரும் ஒருவகை வாதம் என்று கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தாராம்.

அடுத்த மாதம், அதே ஏழு மணி. வாசலில் நின்று, சாமி கும்பிடுவதுபோல் இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். என் ஒரு கையில் ஊசி, மறு கையில் வேறொருவரின் முழங்கை. தலையை மட்டும் அசைத்தேன்.

என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ.