கட்டை பங்களாவின் குறைகள்

பாக்கியம் அக்கா போய்விட்டார் என்பதும், கட்டை பங்களா மறுபடி விற்பனைக்கு வருகிறது என்பதும் எனக்கு ஒரே போன் அழைப்பில் வந்தன. பேசியவர் வீட்டின் இப்போதைய சொந்தக்காரர். கோயம்புத்தூரில் இருக்கிறார். "பாக்கியம்மா நேத்துக் காலைல தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றார். நான் சுதாரிப்பதற்குள், "காரியமெல்லாம் முடிஞ்சதும் ஊட்டை வித்துரலாம்னு இருக்கறமுங்க. விளம்பரம் நீங்கதான் எழுதிக் குடுக்கோணும்" என்றும் சொல்லிவிட்டார். சுள்ளென்று கோபம் வந்தது. உடம்பு ஆறுவதற்குள் விளம்பரமா! அப்புறம் யோசித்துப் பார்த்தேன். அவர் மேல் தப்பில்லை. அக்காவை நான் முதலில் பார்த்ததே அந்த வீட்டை விற்கப் போன இடத்தில்தான்.

அந்த வீட்டுத் தோட்டத்தில் அக்கா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தவர்கள், காரியத்துக்கு வந்திருக்கும் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். ஆனால் அவர் அங்கே எப்படி வந்து சேர்ந்தார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நான் குன்னூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். ஊருக்குத் திரும்பிப் போய்விட்ட ஒரு வெள்ளைக்கார அம்மாள், கோத்தகிரி வழியில் ஒரு கிராமத்தில் இருந்த தன் வீட்டை விற்றுத் தரும்படி எங்கள் வக்கீலிடம் ஒப்படைத்திருந்தார். கருப்பு எண்ணெய் பூசிய பெரிய மரச்சட்டங்களை நிறுத்தி, நடுவில் செங்கல்லும் சுண்ணாம்பும் அடைத்துக் கட்டிய பழைய வீடு. அதனால்தான் ஊரார் வைத்த பெயர் கட்டை பங்களா. சுற்றிலும் நடந்து நடந்து கால் வலிக்கும் அளவுக்குத் தோட்டம். ஆள் இல்லாமல் அது காடாகிக்கொண்டிருந்தது. வக்கீல் என்னிடம், "ஒரு ஆளைப் போடுப்பா. தோட்டத்தைப் பார்த்தால் வாங்க வருகிறவன் ஓடிவிடுவான்" என்றார்.

நான் போட்ட ஆள்தான் பாக்கியம் அக்கா. அப்போது அவருக்கு முப்பது வயதிருக்கும். சிலோனிலிருந்து கப்பலில் வந்து, மண்டபம் முகாமிலிருந்து மலையேறியவர். கணவருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் தினக்கூலி கிடைத்தது. ஆனால் குடியிருக்க, லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் அறை கிடைக்கவில்லை. இரண்டு பெண் குழந்தைகளோடு யாரோ ஒருவரின் மாட்டுக் கொட்டகையில் ஒண்டியிருந்தார்கள். பங்களாவின் பின்கட்டு அறையைக் கொடுத்து, "வீடு விற்கிற வரைக்கும்தான். விற்றதும் காலி செய்துவிட வேண்டும்" என்று கறாராகச் சொன்னதும் நான்தான். அக்கா தலையாட்டினார். ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினார். கப்பலேறும்போது அதைச் சுற்றிக் கட்டிய கயிற்றை அவிழ்க்கவில்லை.

முதல் மாதமே ஒரு கூத்து நடந்தது. வெள்ளைக்கார அம்மாள் கடிதம் எழுதும்போதெல்லாம் வீட்டைப் பற்றி ஒரு வரி எழுதினால், தன் கமேலியாச் செடிகளைப் பற்றிப் பத்து வரி எழுதுவார். வாசலிலிருந்து கேட் வரைக்கும் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நின்ற பூச்செடி வரிசை அது. ஒருநாள் நான் போனபோது வரிசை முழுக்க இடுப்பு உயரத்துக்கு வெட்டப்பட்டிருந்தது. நூல் பிடித்தாற்போல ஒரே மட்டம். செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தியும் கையுமாக அக்கா பெருமையோடு நின்றார். "எத்தன வருசமாக் கவ்வாத்தே பண்ணாம வுட்டிருக்காங்க கிளாக்கரய்யா, பாவம் இந்தத் தேயில! இனிமே பாருங்க, கொழுந்து கொட்டும்" என்றார்.

நான் அவிநாசிப் பக்கத்துக்காரன். எனக்குத் தேயிலையும் தெரியாது, கமேலியாவும் தெரியாது. "பிரமாதங்க அக்கா" என்று பாராட்டிவிட்டு வந்தேன். வக்கீல் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து குதித்த குதியில்தான் எனக்கு விஷயமே புரிந்தது. மறுநாள் அக்காவிடம் சொன்னபோது அவர் முகம் செத்துவிட்டது. ஒரு இலையைக் கிள்ளி மென்று பார்த்தார். "தடிப்பாத்தான் இருந்திச்சு. கவனிக்காம வுட்டதுல முத்திப்போச்சின்னு நெனச்சிட்டேன்" என்றார். பிறந்ததிலிருந்து தேயிலைக்குள்ளேயே வளர்ந்தவர். பளபளவென்று பச்சை இலையோடு வரிசையாக எது நின்றாலும் அவர் கை கத்தியைத் தேடும். வக்கீல் அவரை அனுப்பிவிடச் சொன்னார். "பாராட்டிய என்னையும் சேர்த்து அனுப்புங்கள்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அக்கா பிழைத்தார்.

வீடு பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சாவி அக்காவிடம் இருந்ததால் அவர்தான் சுற்றிக் காட்டுவார். வந்தவர்கள் எல்லோரும் நல்ல வீடு என்பார்கள். போனால் போனவர்கள்தான். எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒருமுறை திருப்பூர்க்காரர் ஒருவர் வந்தபோது நானும் கூடவே நடந்தேன். அக்கா வாசலிலேயே தொடங்கிவிட்டார். "ஐயா, வடக்கு ரூம்பு ஐப்பசி மழைக்கு ஒழுகும். மாடிப்படியில மூணாவது படி ஆடும். குசினிப் பக்கம் ஒரு சட்டத்துல கறையான் ஏறி மருந்தடிச்சிருக்கு. கெணத்துத் தண்ணி பங்குனியில பத்தாது."

திருப்பூர்க்காரர் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "வீடு விற்றால் உங்கள் கூரை போய்விடும் என்றுதானே இப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டேவிட்டேன்.

அக்கா கோபப்படவில்லை. "கிளாக்கரய்யா, எங்கள கப்பலேத்தினப்ப ஒருத்தரு வந்து சொன்னாரு. அங்க ஊடு இருக்கு, வேல இருக்கு, எல்லாம் இருக்குன்னு. என்னென்ன இல்லன்னு ஒண்ணுகூட அவரு சொல்லல. நம்பி வந்து எறங்கினோம். வரப்போறவங்ககிட்ட கொறைய மொதல்ல சொல்லிப்புடணும். தெரிஞ்சு வந்தா யாரும் அழமாட்டாங்க" என்றார்.

எனக்கு அது நல்ல சமாதானமாகத்தான் பட்டது. நம்பினேனா என்றால், இல்லை.

இரண்டாவது மார்கழியில் ஒரு தம்பதி வந்தார்கள். இப்போது எனக்குப் போன் செய்தவரின் பெற்றோர். கணவருக்கு வீடு பிடித்துவிட்டது. அக்கா வழக்கம்போல ஒப்பித்த குறைகளை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியாகக் கூடத்தின் நடுத்தூணில் கை வைத்தவர் நின்றுவிட்டார். மேலிருந்து கீழ்வரை விரல் நுழையும் வெடிப்பு. தட்டிப் பார்த்தார். "தூணே உளுத்துப் போச்சாட்ட இருக்குதுங்களே. இது போனா ஊடே போச்சு. வேண்டாமுங்க, நாம போலாம்" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அக்கா வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். இன்னும் ஒரு வருடமாவது அந்தப் பின்கட்டு அறை அவருடையது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நில்லுங்க ஐயா" என்றார். உள்ளே போய்க் கவ்வாத்துக் கத்தியைக் கொண்டுவந்தார். "உளுத்த மரம்னா கத்தி எறங்கும். இது மரம் காஞ்சு விரிஞ்ச வெடிப்பு. நீங்களே குத்திப் பாருங்க" என்று அவர் கையில் கொடுத்தார். அவர் பலம்கொண்ட மட்டும் குத்தினார். நுனிகூட இறங்கவில்லை. அங்கேயே விலை பேசி முடிந்தது.

இப்படிப்பட்டவரையா சந்தேகப்பட்டோம் என்று நான் கூனிக் குறுகிப் போனேன். இவர்களை இங்கேயே இருக்கவிடுங்கள் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கூடி வந்த விற்பனை கெட்டுவிடுமோ என்று பயந்தேன். இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாததை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

வெளியே வந்தபோது வாங்க வந்தவரின் மனைவி பாதையிலேயே நின்றுவிட்டார். நாங்கள் உள்ளே போகும்போது மூடியிருந்த பனி விலகியிருந்தது. இரண்டு பக்கமும் கமேலியா இடுப்பு உயரத்தில், ஒரே மட்டத்தில், இலை தெரியாமல் பூத்திருந்தது. "ஏனுங்க, இதை இப்படி யாரு வெட்டுனது?" என்றார்.

"நாந்தாங்கம்மா. தேயிலன்னு நெனச்சு வெட்டிப்புட்டேன்" என்றார் அக்கா. தன் குறையையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் அவருக்கு.

அந்த அம்மாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பூச்செடி வளர்ப்பதில் பித்துள்ளவர் போலிருக்கிறது. "தேயிலையும் இதுவும் ஒரே குடும்பந்தானுங்க அக்கா" என்றார். "அப்ப பங்காளியத்தான் வெட்டியிருக்கேன்" என்றார் அக்கா. அந்த அம்மாள் கணவரிடம் திரும்பி, "இவிங்க இங்கயே இருக்கட்டுமுங்க. இவிங்க இல்லாம இத்தன பெரிய தோட்டத்தை வெச்சுட்டு நான் என்ன பண்றது?" என்றார்.

அடுத்த வாரம் நான் பத்திரத்தோடு போனபோது, பின்கட்டில் இரண்டு மரங்களுக்கு நடுவே துணி காய்ந்துகொண்டிருந்தது. கொடியாகக் கட்டியிருந்தது பெட்டியின் கப்பல் கயிறு. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்னங்க கிளாக்கரய்யா, தூசியா?" என்று கேட்டார் அக்கா. ஆமாம் என்றேன்.

அதன்பின் அக்கா அந்த வீட்டைவிட்டுப் போகவில்லை. பெண்களைக் கட்டிக் கொடுத்தார், கணவரை அடக்கம் செய்தார், பூச்செடிகளை வருடம் தவறாமல் அதே மட்டத்தில் வெட்டினார். யார் விருந்தாளியாக வந்தாலும், "மூணாவது படி ஆடும், பாத்து" என்பார். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த ஒரு பழக்கத்தைத்தான். என் பெண்ணுக்கு வரன் பார்த்தபோதுகூட, அவளுடைய முன்கோபத்தைத்தான் முதலில் சொன்னேன். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள்.

விளம்பரத்தை நேற்று எழுதி முடித்தேன். வடக்கு அறை ஒழுகும். மூன்றாவது படி ஆடும். பங்குனியில் தண்ணீர் பற்றாது. நடுத்தூணில் வெடிப்பு உண்டு, கத்தி இறங்காது. வாசலில் நிற்பது தேயிலை அல்ல. போனில் படித்துக் காட்டியபோது உரிமையாளர் தூண் வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு, "அப்படியே போட்டுருங்க" என்றார்.

பின்கட்டு அறையைப் பற்றி எழுத மட்டும் வெகுநேரம் ஆயிற்று. அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒன்று எழுதினேன்: இப்போது காலி.