பின் சீட்டில் மூக்கண்ணன்

காரின் நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டுப் பின் சீட்டின் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார். ரேடியோவை நிறுத்தச் சொல்லிக் கையை மட்டும் காட்டுகிறார். பெட்ரோல் வாசனைக்கும் ரேடியோவுக்கும் என்ன சம்பந்தம் என்று பட்டறையில் யாரும் கேட்டதில்லை. வெளியே வண்டியின் சொந்தக்காரர் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் போல நகத்தைக் கடிக்கிறார். உள்ளே இவருடைய மூக்கு விரிகிறது, சுருங்குகிறது, மறுபடி விரிகிறது. பிறகு கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே வைத்து, "வாசம் இல்ல. எடுத்துட்டுப் போங்க" என்கிறார். இந்த ஒரு பேச்சைக் கேட்கத்தான் வழியில் நாலு பட்டறைகளைத் தாண்டி இங்கே வருகிறார்கள்.

அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கிறது. யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எல்லோருக்கும் அவர் மூக்கண்ணன். பட்டறை முதலாளி மட்டும் மாமா என்பார். முதலாளி அவருடைய மனைவியின் தம்பி.

மூக்கண்ணன் கை வைப்பது பெட்ரோல் போகிற பாதையில் மட்டும். அதுவும் டர்போ வைத்த பழைய வேகக் கார்கள் என்றால் முகம் மலர்ந்துவிடும். வாலிபத்தில் வாங்க முடியாமல் போன காரை வழுக்கை விழுந்த பிறகு வாங்கி, இன்னும் வேகம் வேண்டும் என்று கொண்டுவருகிறவர்களுக்கு அவர் முதலில் பாடம் எடுப்பார். "டர்போன்னா என்னங்க? இன்ஜினுக்குக் காத்த வாயில திணிக்கிற வேலை. காத்தக் கூட்டிட்டு பெட்ரோலக் கூட்டலன்னா, பட்டினி போட்டுட்டு மூட்டை தூக்கச் சொல்ற மாதிரி. பிஸ்டன் உருகி வழிஞ்சிரும்." டேங்குக்குள் பெரிய பம்பு, இன்ஜினில் பெட்ரோலைப் பீய்ச்சுகிற பெரிய இன்ஜெக்டர்கள், நடுவில் புதுக் குழாய், பிரஷரைக் கட்டுப்படுத்த ஒரு கருவி, எல்லாம் சேர்த்துத்தான் மாற்றுவார். பம்பு மட்டும் போதுமே அண்ணே என்று யாராவது இழுத்தால், "வாயப் பெருசாக்கிட்டுத் தொண்டைய அப்படியே விட்டா எப்படி முழுங்கறது?" என்று மடக்கிவிடுவார்.

சென்ட் அடித்துக்கொண்டு அவர் பக்கம் போகக் கூடாது. சிகரெட் பெட்டியைச் சட்டைப்பையில் பார்த்தாலே போதும், வாசலுக்கு வெளியே ஒரு கல்லைக் காட்டி, அங்கே வைத்துவிட்டு வரச் சொல்வார். தும்மல் வந்தால் வண்டிக்கு எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். ஸ்பானரைக்கூட யாருக்கும் இரவல் தருகிறவர்தான். மூக்கு விஷயத்தில் மட்டும் மகாராஜா.

அந்த மூக்கு போன மழைக்காலத்துக் காய்ச்சலோடு போய்விட்டது.

காய்ச்சல் இறங்கியது, இருமல் நின்றது, வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. முதலில் ஜலதோஷம் என்று நினைத்தார். ஒரு காலை அடுப்பில் பால் பொங்கி வழிந்து, தீய்ந்து, பாத்திரமே கருகி, பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டும்போது, அடுப்புக்கு நேர் எதிரே உட்கார்ந்து மூக்கண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மனைவி ஈரத்தலையோடு ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். கத்தவில்லை. தலைக்குத் தேய்க்கிற எண்ணெயை எடுத்துவந்து, அவரைக் கண்ணை மூடச் சொல்லி, மூடியைத் திறந்து மூக்கில் படும்படி நீட்டினாள்.

"என்னங்க இது?"

"பாட்டிலு" என்றார் அவர். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர், வந்தாலும் வரும், வராமலும் போகலாம் என்றார். "இதச் சொல்ல டாக்டர் எதுக்கு? நானே சொல்வேனே" என்று படியிறங்கும்போது மூக்கண்ணன் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் அழுதார். சாப்பாடு மண்ணாய்ப் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். தன் சட்டை நாறுகிறதா என்று தெரியாமல் இரண்டு வேளை குளிக்கிறார். கையில் பெட்ரோல் வாடை இருக்குமோ என்று தோல் வெடிக்கிற அளவுக்குக் கழுவுகிறார். இதையெல்லாம்விட ஒரு பயம்தான் அவரை அரித்தது. வெளியே தெரிந்தால் தன்னிடம் எவன் வருவான், மைத்துனன் எத்தனை நாள் சும்மா வைத்துக்கொண்டிருப்பான் என்ற பயம். கை இருக்கிறது, கண் இருக்கிறது. ஆனால் இத்தனை வருஷமாக வந்தவர்கள் அவருடைய கையைத் தேடியோ கண்ணைத் தேடியோ வரவில்லை.

இன்ஜின் பக்கத்துக் கசிவுகளை அவர் எப்படியோ சமாளித்தார். பிரஷரில் இருக்கிற பெட்ரோல் ஈரமாக வெளியே வரும். காகிதத்தை ஒற்றிப் பார்த்தால் தெரியும். புறங்கையில் பட்டால் ஜில்லென்று இருக்கும். சிக்கல், பின் சீட்டுக்கு அடியில் இருக்கிற டேங்க் மூடியில்தான். பம்பை அந்த வழியாகத்தான் இறக்க வேண்டும். மூடிக்கு அடியில் போடுகிற ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் ஒரு சொட்டுக்கூட வெளியே வராது. ஆவி மட்டும் வந்து வண்டிக்குள் நிறையும். ஒரு பொறி போதும். அதைக் கண்டுபிடிக்கக் கருவி விற்கிறது. ஆனால் மூக்கண்ணன் போய் மோப்பக் கருவி வாங்கினால் ஊர் சிரிக்காதா?

அதனால் புருஷனும் பெண்டாட்டியும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். தெருமுனை மருந்துக் கடையில் பில் போடுகிற அவள், மதியம் சாப்பாட்டுப் பையோடு பட்டறைக்கு வருவாள். "கால் கடுக்குது" என்று சொல்லி, வேலை முடிந்த வண்டியின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். "இப்ப தேவலாம்" என்று சாவகாசமாக இறங்கினால் வண்டி சுத்தம். "உள்ள ஒரே புழுக்கம்" என்று சட்டென்று இறங்கினால் எங்கோ கசிகிறது. சாப்பிட்டு முடித்த பிறகு மூக்கண்ணன் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, ஏற்கெனவே தெரிந்த முடிவுக்காக மூக்கை விரிப்பார். "அக்காவுக்கு என்ன, தினம் கார் சவாரி வேணுமாம்" என்று தம்பிகூடக் கேலி செய்வார்.

போன வாரம் வந்த வண்டி, பல் செட் செய்கிற ஒருவருடையது. நாலு கதவு, கறுத்துப்போன சிவப்பு, அவருடைய கல்யாணத்தைவிட மூத்த கார். இன்ஜினை முடுக்கினால் பெட்ரோல் போதாமல் மூச்சு வாங்கியது. மூக்கண்ணன் எல்லாவற்றையும் மாற்றினார். மூடியின் வளையம் விறைப்பாக இருந்ததால் இளகட்டும் என்று வழக்கம்போலப் பெட்ரோலில் நனைத்தார். நனைத்து உடனே எடுத்துப் போட வேண்டியதை, முதலாளி கூப்பிட்டார் என்று அப்படியே விட்டுப் போய்விட்டார். திரும்பி வருவதற்குள் அது ஊறிப் பருத்திருந்தது. பழைய மூக்கண்ணனாக இருந்தால் தூக்கி எறிந்திருப்பார். மூக்கு போனதிலிருந்து எதைக் கேட்டாலும், எதை வீணாக்கினாலும் மைத்துனன் சந்தேகப்படுவானோ என்று அவருக்கு ஒரு கூச்சம். அமுக்கிப் போட்டு மூடியை முறுக்கிவிட்டார்.

அன்றைக்கென்று பார்த்து அவளுக்கு ஜலதோஷம். கண் சிவந்து, குரல் கட்டிப்போய் வந்து பின் சீட்டில் உட்கார்ந்தாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். குனிந்து தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கிற சாக்கில் அவர் முகத்தை அருகே கொண்டுபோனார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க" என்று கிசுகிசுத்தாள். "மூக்கு அடைச்சிருக்கு. இன்னிக்குக் குடுக்காதீங்க. நாளைக்குன்னு சொல்லிருங்க."

சொல்லியிருக்கலாம். ஆனால் பல் செட்காரர் மனைவியோடு வந்து இறங்கிவிட்டார். "மாமா, பார்ட்டி வெயில்ல நிக்கறாங்க" என்று மைத்துனன் குரல் கொடுத்தார். மூக்கண்ணன் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிக் கண்ணை மூடினார். இருட்டுதான் இருந்தது. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார்.

"வாசம் இல்ல. எடுத்துட்டுப் போங்க."

பல் செட்காரரின் மனைவி வாயும் வயிறுமாக இருந்தாள். வெக்கை போகட்டும் என்று கண்ணாடிகளை இறக்கிவிட்டதும், முன் சீட்டில் பெல்ட் வயிற்றை அழுத்துகிறது என்று பின்னால் ஏறினாள். ஏறியவள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க, பெட்ரோல் நாத்தம் குடலப் புடுங்குது."

முதலாளி சிரித்தார். "மாசமா இருக்கறப்போ தண்ணிகூட நாறும்மா. எங்க மூக்கண்ணன் சொல்லிட்டா அதுக்கு மேல அப்பீலே கிடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். அவளுடைய புருஷனும் சிரித்தார். அவள் வெட்கப்பட்டுக் கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். "ஆமா, எனக்கு இப்போ எதைப் பாத்தாலும் இப்படித்தான்" என்று தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு, ஏசி போடட்டும் என்று கண்ணாடியை ஏற்ற ஆரம்பித்தாள். மூக்கண்ணன் தன் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி பாதி ஏறியிருந்தது. பல் செட்காரர் சாவியைத் துளையில் நுழைத்தார்.

மூக்கண்ணன் பாய்ந்துபோய், ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியைப் பிடுங்கினார். பின் கதவைத் திறந்தார்.

"இறங்கும்மா. உன் மூக்குதான் சரி." அவருடைய குரல் அவருக்கே கேட்கவில்லை. மைத்துனனைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "எனக்கு வாசனை தெரியாது மாப்ள. போன மழைக்காலத்துலயே போயிருச்சு. இவ்வளவு நாளும் உங்க அக்காதான் பாத்துச் சொன்னா."

முதலாளி பின் சீட்டைத் தூக்கிக் குனிந்தார். குனிந்த வேகத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். பல் செட்காரர் மனைவியின் கையைப் பிடித்து, வாசலுக்கு வெளியே, சிகரெட் பெட்டி வைக்கிற அந்தக் கல்லுக்கும் அப்பால் கூட்டிக்கொண்டு போனார். மூடியைக் கழற்றியபோது வளையம் ஓரிடத்தில் நாக்கு மாதிரி மடிந்திருந்தது. மூக்கண்ணன் புதிதாக ஒன்றை நனைக்காமல், விரலால் சுற்றிலும் தடவித் தடவிப் போட்டார். கதவுகளைத் திறந்து வைத்து வண்டியைக் காற்றாட விட்டார்கள்.

"மத்தத நாளைக்குப் பேசிக்கலாம் மாமா" என்றார் முதலாளி, அவர் முகத்தைப் பார்க்காமல். பிறகு பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். நான்கு கண்ணாடிகளும் ஒவ்வொன்றாக ஏறின. ரேடியோவை யாரும் சொல்லாமலே யாரோ நிறுத்தினார்கள்.

உள்ளே மைத்துனனின் மூக்கு விரிந்தது. மூக்கண்ணன் வெளியே நின்றார். காரின் கூரைமேல் உள்ளங்கையை ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.