எனக்கு மட்டும் இன்னொரு முப்பதாம் நாள்

குளிக்கும்போது இடது மார்பில் மிளகளவு ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலிக்கவில்லை. காப்பிப் பழம் எடுத்து முடியட்டும் என்று இருந்துவிட்டேன். அது என் தப்பு. நீங்கள் மறுநாளே போய்க் காட்டுங்கள்.

மதுரையில் மார்பை எடுத்தார்கள். பிறகு கீமோ (புற்றை அழிக்க நரம்பு வழியே ஏற்றும் மருந்து). பண்ணைக்காட்டிலிருந்து ஜீப்பில் கூட்டிப்போனவன் என் தம்பி பீட்டர். கலியாணம் ஆகாதவன், வாய்த்துடுக்கு. எனக்கு முடி கொட்டியபோது, "மாமாவுக்கு இப்பத்தான்க்கா பொருத்தமான சோடி" என்றான். என் வீட்டுக்காரருக்கு வழுக்கை.

இரண்டாவது ஊசிக்குப் பின் காய்ச்சல் கண்டு மதுரையிலேயே கிடந்தேன். வெள்ளணுக்கள் (நோய்த்தொற்றைத் தடுக்கும் ரத்த அணுக்கள்) குறைந்துவிட்டன. வீடு திரும்பினாலும் கூட்டத்தில் சேரக் கூடாது என்றார் டாக்டர். தம்பி எங்கே என்று கேட்டேன். கேரளாவுக்கு ஜீப் ஓட்டம் போயிருக்கிறான், டவர் கிடைக்காது என்றார் வீட்டுக்காரர். நம்பினேன்.

அணுக்கள் ஏறிவிட்டன என்று தெரிந்த மறுநாள், மாதாவுக்கு நன்றி சொல்ல வெள்ளனே பூசைக்குப் போனேன். தோட்டத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போன வீட்டுக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சாமியார் பூசைக் கருத்தை (யாருக்காக அன்றைய பூசை என்பதை) வாசித்தார்: மரித்த பீட்டரின் முப்பதாம் நாள், அவர் ஆன்மா இளைப்பாற.

மாரடைப்பாம். நான் காய்ச்சலில் கிடந்தபோதே அடக்கமும் முடிந்திருக்கிறது.

"ஒன் உசுரக் காப்பாத்தத்தான் மறைச்சேன்" என்றார் வெளியே வந்து.

"அழுகையையும் எங்கிட்டருந்து எடுத்துட்டீங்களே" என்றேன்.

மார்பு போனது, தம்பி போனது, அவர் மறைத்தது எல்லாம் ஒன்றாக வந்தன. ஒன்று மற்றதை ஆழமாகத் தோண்டியது. தம்பிக்காகக் குலுங்கி அழுதால் தழும்பு இழுக்கும். தழும்பைத் தொட்டால் அவன் கேலி கேட்கும். மாதாவிடம் சண்டையே போட்டேன். செபத்தை மட்டும் விடவில்லை.

இந்த நிலையில் ஊசி வேண்டாம், தள்ளிப்போடலாம் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டு டாக்டரும் யோசித்தார்.

"ஏத்துங்க டாக்டர். அழுகுறதுக்கும் தெம்பு வேணும்ல" என்றேன். ரத்தத்தைப் பார்த்துவிட்டு ஏற்றினார்.

எனக்குத் தெரிந்த நாளிலிருந்து முப்பதை எண்ணி, மறுபடி அவன் பேரை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ஒருமுறை வாசித்தாயிற்றே என்றார் சாமியார். அது ஊருக்கு வாசித்தது சாமி என்றேன். வாசித்தார். பக்கத்தில் வீட்டுக்காரர் அழுதார். என் முக்காடு நழுவியது, இழுத்துவிடவில்லை. சோடிப் பொருத்தத்தைத் தம்பி பார்த்துக்கொள்ளட்டும்.

ஊருக்கு அவன் போய் இரண்டு மாதம். எனக்கு ஒன்றுதான். என் கணக்கிலேயே அழுவேன், வெரசாக முடிக்க மாட்டேன்.

மார்பு இருந்த இடத்தில் கை வைத்தால் இதயம் முன்னைவிடக் கிட்டத்தில் துடிக்கிறது. துடிக்கட்டும்.